பொதுவான எஸ்கியூஎஸ் கிளையன்ட்: முதல் செய்தி போகிறது, அடுத்தது போவதில்லை

நள்ளிரவு நிரலர்:
வணக்கம். எங்கள் ஜாவா செயலி அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்கியூஎஸுக்குச் செய்திகளை அனுப்புகிறது. அந்தச் சேவையோடு பேசும் கிளையன்ட்டை ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தோம். அது வீண் செலவு என்பதால், ஒரே கிளையன்ட்டை எல்லோருக்கும் எடுத்துத் தருகிற ஃபேக்டரி ஒன்றை எழுதினேன். இப்போது முதல் செய்தி ஒழுங்காகப் போகிறது. அதன் பிறகு எதுவும் போவதில்லை. நாளை காலை வெளியிட வேண்டும், உதவுங்கள்.

இழைமுடிச்சு:
ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே (அமேசான் சேவைகளை அழைக்க உதவும் நிரல் நூலகம்) பதிப்பு 1ஆ, 2ஆ? பிழைச் செய்தியின் வாசகம் என்ன? ஃபேக்டரியிடமிருந்து கிளையன்ட்டை வாங்கும் இடத்தின் கோடையும் இடுங்கள்.

வலைக்காவலர்:
இது பெரும்பாலும் ஃபயர்வால் வேலை. சும்மா கிடக்கும் இணைப்பை அது ஓசையின்றி அறுத்துவிடும். பொதுவான கிளையன்ட் அந்த இறந்த இணைப்பையே மீண்டும் எடுக்கும். ஐடில் நேரத்தை, அதாவது இணைப்பைச் சும்மா வைத்திருக்கும் நேரத்தை, குறைத்துப் பாருங்கள்.

பழைய பட்டறை:
ஆவணத்தை ஒருமுறையேனும் வாசித்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திராது. ஃபேக்டரி எழுதத் துணிகிறவர், அது தரும் பொருளின் ஆயுள் யார் பொறுப்பு என்பதை முதலில் தீர்மானித்திருக்க வேண்டும். இது தொடக்கப் பாடம்.

நள்ளிரவு நிரலர்:
அவசரத்தில் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். பதிப்பு 2. பிழை: ‘கனெக்‌ஷன் பூல் ஷட் டவுன்’, அதாவது கிளையன்ட் தன் இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் பூல் மூடப்பட்டுவிட்டது. கிளையன்ட் மூடப்படவில்லை என்று ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) எச்சரித்ததால், அனுப்பும் மெத்தடில் அதை, வேலை முடிந்ததும் பொருளைத் தானே மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸுக்குள் வைத்தேன். செய்திகளைப் பெற இணையாக ஓடும் 60 த்ரெட்களையும் இதே ஃபேக்டரிக்கு மாற்றப்போகிறேன். ஒவ்வொன்றும் 20 வினாடி லாங் போலிங் செய்யும், அதாவது செய்தி வரும்வரை அவ்வளவு நேரம் இணைப்பைத் திறந்தே வைத்துக் காத்திருக்கும்.

இழைமுடிச்சு:
அப்படியானால் ஃபயர்வாலைத் தேட வேண்டியதில்லை. அது இணைப்பை அறுத்திருந்தால் கனெக்‌ஷன் ரீசெட்டோ டைம்அவுட்டோ வந்திருக்கும். பூல் மூடப்பட்டதாகச் செய்தி வருவது, உங்கள் செயலிக்குள்ளேயே குளோஸ் அழைக்கப்பட்டிருப்பதைக் காட்டுகிறது. பதிப்பு 2இன் கிளையன்ட் ஆட்டோகுளோசபிள் என்பதால் ட்ரை முடிந்ததும் அது மூடப்படுகிறது; ஃபேக்டரியோ மூடிய அதே கிளையன்ட்டை அடுத்தவருக்கும் நீட்டுகிறது. ட்ரையை எடுத்துவிடுங்கள், செயலி நிற்கும்போது ஃபேக்டரி மட்டும் மூடட்டும். உள்ளே இணைப்புகளைக் கையாளும் எச்டிடிபி கிளையன்ட்டை நீங்களே கட்டி உள்ளே கொடுத்தால், எஸ்டிகே அதை மூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதைக் கட்டித்தரும் பில்டரைக் கொடுத்தால் மட்டுமே எஸ்டிகே பொறுப்பேற்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த 60 த்ரெட்கள். அப்பாச்சி எச்டிடிபி கிளையன்ட்டின் இயல்பான உச்சவரம்பு 50 இணைப்புகள். ஓர் இணைப்பு கிடைக்க அது 10 வினாடிதான் காத்திருக்கும். வரிசை காலியாக இருக்கும் வேளையில் 50 த்ரெட்கள் ஆளுக்கோர் இணைப்பை 20 வினாடி பிடித்துக்கொண்டால், மற்ற 10 த்ரெட்களோடு செய்தி அனுப்ப வந்தவரும் பூலில் இணைப்புக் கிடைக்காமல் டைம்அவுட்டில் விழுவார். பெறுவதற்கு ஒரு கிளையன்ட், அனுப்புவதற்கு ஒரு கிளையன்ட் என்று ஃபேக்டரி இரண்டு தருவது நல்லது.

பழைய பட்டறை:
இரண்டு தேவையில்லை. இணைப்புகளின் உச்சவரம்பான மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 100 ஆக்கினால் போதும். பொதுவான கிளையன்ட் என்று சொல்லிவிட்டு இரண்டு பூல்களை வைப்பது நோக்கத்தையே கெடுக்கிறது.

இழைமுடிச்சு:
ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று உருவாக்காமல் இருப்பதுதான் நோக்கம். உலகுக்கே ஒன்று இருக்க வேண்டும் என்பதல்ல. நாளை யாராவது த்ரெட்களை 120 ஆக்கினால் உங்கள் 100 தீர்ந்துவிடும், அப்போதும் முதலில் அடிபடுகிறவர் அனுப்புபவரே.

பழைய பட்டறை:
த்ரெட் எண்ணிக்கையையும் பூல் அளவையும் ஒரே அமைப்பு மதிப்பிலிருந்து எடுத்தால் அந்தச் சிக்கலே வராது.

வலைக்காவலர்:
ஐடில் நேரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றே இன்னும் சொல்வேன்.

நள்ளிரவு நிரலர்:
ட்ரையை எடுத்தேன், செய்திகள் போகின்றன. பெறும் த்ரெட்களை இந்த வெளியீட்டில் மாற்றவில்லை. நன்றி.