எட்டடிப் பதாகையும் ஒரு பாயிண்ட் கோடும்

குழு: ஆலமரத்து வீடு
வியாழன், மாலை 6.12

தேன்மொழி: காதணி விழாப் பதாகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது. பத்திரிகையில் அவ்வளவு அழகாக இருந்த கரைக்கோலம் இதில் கண்ணுக்கே தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்குள் கோப்பைத் திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள். கார்த்தி, என்ன ஆயிற்று?

கார்த்தி: பத்திரிகைக்கு வரைந்த அதே கோலத்தைத்தான் பெரிதாக்கி வைத்தேன், சித்தி. திரையில் தெரிந்ததே.

கலா: காலையிலேயே யாரிடமாவது காட்டிவிட்டு அனுப்பு என்று சொன்னேன்.

முருகேசன்: மருமகனே, திரையில் தெரிந்ததைச் சாட்சியாகச் சொல்லாதே. பத்திரிகையின் அகலம் 8 அங்குலம், பதாகையின் அகலம் 8 அடி. ஆகப் பன்னிரண்டு மடங்கு. நீ இழுத்துப் பெரிதாக்கியபோது கோலம் வளர்ந்ததே தவிர, அதன் கோடு பழைய 1 பாயிண்டிலேயே நின்றுவிட்டது. 72 பாயிண்ட் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம் என்பதால் 1 பாயிண்ட் என்பது வெறும் 0.35 மில்லிமீட்டர்; எட்டடிப் பதாகையில் அது தையல் நூலைப் போலத்தான் இருக்கும், தெருமுனையிலிருந்து பார்க்கிறவனுக்கு வெறும் மஞ்சள் துணிதான் தெரியும். நீ வரையும் கோரல்டிரா மென்பொருளில் கோலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்12 சாவியை அழுத்தினால் அவுட்லைன் பேனா என்ற சிறு சாளரம் திறக்கும். அகலக் கட்டத்தில் 12 என்று தட்டி என்டரை அழுத்து. அதே சாளரத்தில் ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டால், இனிமேல் படத்தை எப்படி இழுத்தாலும் கோடும் கூடவே வளரும், சுருங்கும். சிவகாசியில் டிடிபி என்ற கணினி அச்சுக்கோப்பு வேலை பார்த்த காலத்தில் நாங்கள் முதலில் பழகியதே இந்த ஒரு சாவியைத்தான்.

கார்த்தி: மாமா, எஃப்12 அழுத்தினால் மடிக்கணினியில் பாட்டுச் சத்தம்தான் கூடுகிறது.

முருகேசன்: எஃப்என் என்று எழுதிய சாவியைப் பிடித்துக்கொண்டு அழுத்து.

பாண்டி: திருப்பூரில் பனியன் பிரிண்டுக்கு நாங்கள் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வேறு மென்பொருளில்தான் வரைகிறோம். கண்ட்ரோல் எஃப்10 அழுத்தினால் கோட்டின் தடிமனை மாற்றும் ஸ்ட்ரோக் பலகை வரும். எண் இருக்கும் கட்டத்தில் கர்சரை வைத்து மேல் அம்பை அழுத்தினால் ஒவ்வொரு பாயிண்டாக ஏறும், ஷிஃப்டோடு அழுத்தினால் பத்துப் பத்தாக ஏறும். எண் தட்ட வேண்டிய வேலையே இல்லை.

கலா: பாண்டி செய்து கொடுத்த அப்பாவின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக அச்சாகி வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

பாண்டி: அக்கா, அது எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததால் வந்த வினை. கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மாலை 6.58

கார்த்தி: கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் 12 பாயிண்டாக்கிவிட்டேன். கோலம் பளிச்சென்று வந்துவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

சரவணன்: கோலம் வந்துவிட்டது, ஆனால் குழந்தையின் பெயருக்குக் கீழே இருக்கும் சிறிய வரியைப் படிக்க முடியவில்லை.

தாத்தா: காதணி என்ற சொல்லில் ணகரத்தின் சுழிகள் மூன்றும் அடைபட்டு ஒரே கரிக்கட்டையாக இருக்கின்றன. மூன்று சுழியைச் சுழித்து எழுத வைப்பதற்குப் பள்ளியில் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முருகேசன்: கோலத்தை மட்டும் என்று எழுதியிருந்தேனே, மருமகனே. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் கோடே இல்லாத எழுத்துக்கும் கோடு ஏறிவிடும். அந்தக் கோடு எழுத்தின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்காரும். உள்ளே போகும் பாதிதான் சுழியை அடைக்கிறது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து, வண்ணப் பட்டையில் குறுக்குக் கோடு போட்ட கட்டத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டால் கோடு போய்விடும். தலைப்புக்கு மட்டும் வெள்ளை விளிம்பு வேண்டும் என்று தேன்மொழி கேட்டாள் அல்லவா, அதற்கு எஃப்12 சாளரத்தில் ‘பிஹைண்ட் ஃபில்’ என்பதை டிக் செய். எழுத்தின் முகம் முன்னால் நிற்கும், கோடு பின்னால் ஒதுங்கிவிடும்.

தாத்தா: இவ்வளவு நீளமாக எழுதினாலும் சந்திப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய், முருகேசா.

பாண்டி: இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். தாய்மாமன் படங்கள் இரண்டில் அண்ணன் படத்தைச் சுற்றிய வட்டம் மட்டும் மாதிரியில் தடிமனாகவும் என்னுடையது நூல் மாதிரியும் ஏன் இருந்தன?

தேன்மொழி: அண்ணா, தயவுசெய்து இன்றைக்கு வேண்டாம்.

கார்த்தி: அது வேண்டுமென்று செய்ததில்லை, மாமா. உங்கள் வட்டம் பத்திரிகைக் கோப்பிலிருந்து வந்தது. பெரிய மாமாவின் படம் தாமதமாகக் கிடைத்ததால் அவருடைய வட்டத்தைப் பதாகையில் புதிதாக வரைந்தேன். வரைந்த உடனே அதுவாகவே தடிமனாக வந்தது.

முருகேசன்: அதுவாக வராது. எதையுமே தேர்ந்தெடுக்காமல் எஃப்12 அழுத்தி, வந்த கேள்வியைப் படிக்காமல் ஓகே கொடுத்திருப்பாய். அப்படிக் கொடுத்தால் இனி வரையும் எல்லாவற்றுக்கும் அந்தத் தடிமன்தான். இப்போது என் வட்டத்தின் அளவையே தம்பிக்கும் போட்டுவிடு. ஒன்றில் மாற்றிய கையோடு மற்றதைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் ஆர் அழுத்தினால் அதே வேலை திரும்ப நடக்கும்.

பாண்டி: எனக்கு மட்டும் எல்லா விசேஷத்திலும் ஏதாவது ஒரு காரணம் அமைந்துவிடுகிறது.

இரவு 8.21

சரவணன்: அச்சகத்தார் எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றி அனுப்பச் சொல்கிறார்.

முருகேசன்: கண்ட்ரோல் க்யூ.

கார்த்தி: அழுத்திவிட்டேன். ஆனால் இப்போது எஃப்12 அழுத்தி எந்த எண்ணைப் போட்டாலும் கோலத்தின் கோடு மெலியாமல், அதைச் சுற்றி இன்னொரு கோடு வருகிறது.

முருகேசன்: கோலமும் தேர்விலிருக்க, ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறாய். கண்ட்ரோல் ஷிஃப்ட் க்யூ என்பது கோட்டையே தனி உருவமாக மாற்றிவிடும். பிறகு அது கோடு அல்ல, வண்ணம் நிரப்பிய ஒரு வடிவம். இனி யார் இழுத்தாலும் தடிமன் கெடக்கூடாது என்று நினைக்கிறவர்கள் அதையும் செய்வார்கள், ஆனால் அளவு முடிவான பிறகு கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது. கண்ட்ரோல் இசட் அழுத்திப் பின்னால் வா.

கலா: அளவு இன்னும் முடிவாகவில்லையே. 12 பாயிண்ட் கோலம் இரும்பு கேட் மாதிரி இருக்கிறது, 8 போதும்.

முருகேசன்: பத்திரிகையில் இருந்த அதே தோற்றம் வேண்டுமென்றால் கணக்குப்படி 12 தான், அக்கா. அது நாலேகால் மில்லிமீட்டர்கூட இல்லை.

தேன்மொழி: மாப்பிள்ளை வீட்டார் பெயர் வரிசைக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மெல்லியதாக இருக்கட்டும் என்று இவர் சொல்கிறார்.

சரவணன்: நான் அப்படிச் சொல்லவில்லை, எதுவானாலும் சரி என்றுதான் சொன்னேன்.

கார்த்தி: இப்போதைக்கு 10 பாயிண்ட் போட்டு அனுப்புகிறேன். மாற்றம் இருந்தால் நாளைக் காலை பத்து மணி வரை சொல்லலாமாம்.

பாண்டி: என் வட்டம் எத்தனை பாயிண்ட் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.