ஸ்லைஸ் (தரவில் ஒரு துண்டு) கேட்டால் வெறுமை, கீ எரர், அல்லது தப்பான மாதம்: உங்கள் அனுபவம்?

மழைமானி:
ஈஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தொகுப்பின் மழைத் தரவு, திறந்தது எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தில். அட்சரேகை 8 முதல் 14 வரை வெட்டினேன். பிழைச்செய்தி எதுவும் இல்லை, வரைபடம் மட்டும் வெள்ளையாக வந்து நின்றது. அச்சிட்டுப் பார்த்தால் அட்சரேகையின் நீளம் 0! அந்தக் கோப்பில் அது 90இல் தொடங்கி −90க்கு இறங்குகிறது. 14, 8 என்று திருப்பிக் கொடுத்ததும் 25 வரிசைகள் வந்து விழுந்தன. ஒரு எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

ஆழ்கடல்:
உங்களுக்கு வெறுமையாகவாவது வந்தது. எனக்கு வந்த கோப்பில் நாள் எண்தான் அச்சு, 1 முதல் 365. மாதக் கோப்புகளைப் பெயர் வரிசையில், அதாவது 1, 10, 11, 12, 2 என்று யாரோ கோத்திருக்கிறார்கள். 1 முதல் 59 வரை கேட்டேன், 151 நாள்கள் கிடைத்தன. ஜனவரி, பிப்ரவரிச் சராசரிக்குள் அக்டோபரும் நவம்பரும் டிசம்பரும் உட்கார்ந்திருந்தன. இரண்டு முனை லேபிள்களும் (இங்கே 1, 59) இருந்துவிட்டால், வரிசை கலைந்திருந்தாலும் இடையில் கிடப்பதை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிடுகிறது.

நிரல்வாசி:
மழைமானி, திருப்பிக் கொடுப்பது தீர்வே அல்ல. ஏறுவரிசையில் உள்ள அடுத்த கோப்பில் அதே நிரல் வெறுமையைத் தரும். நான் தீர்க்கரேகையை 0–360இலிருந்து −180–180க்கு மாற்றியபோது எண்கள் 179.75 வரை ஏறி, சட்டென்று −180க்குக் குதித்தன. −20.1இலிருந்து வெட்டு என்றதும் கீ எரர் என்ற பிழைச்செய்தி. அந்த எண் அச்சில் இல்லை, வரிசையும் இல்லை. எங்கே வெட்டுவது என்று தெரியாமல், எக்ஸ்அரே உள்ளே நம்பியிருக்கும் பாண்டாஸ் நூலகம் கைவிரித்துவிட்டது.

எனவே கோப்பைத் திறந்ததும் இண்டெக்ஸ் (அச்சின் லேபிள்கள்) ஏறுவரிசையில் இருக்கிறதா என்று சோதியுங்கள், இல்லையென்றால் சார்ட்பை, அதாவது வரிசைப்படுத்தும் கட்டளை. வரிசையைத் தொட விருப்பமில்லையா? 8க்கு மேல், 14க்குக் கீழ் என்று நிபந்தனை வைத்து வடிகட்டுங்கள். அது வரிசையைப் பார்ப்பதே இல்லை. கோப்புகளைக் கோக்கும்போது அச்சின் மதிப்பைப் பார்த்துச் சேர்க்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நேரம் இருந்தால்...

ஆழ்கடல்:
யாரும் கேட்கவில்லையே ஐயா. நிபந்தனை சரி, ஆனால் ஒவ்வொரு அச்சுக்கும் யார் எழுதுவது?

மழைமானி:
இன்னொன்று. இரண்டு கோப்புகளைக் கோத்த வேறொரு தரவில் சார்ட்பை போட்டேன், கீ எரர் மறைந்தது. ஆனால் அந்த இரண்டு கோப்புகளிலும் இருந்த மாத இறுதி நாள் இருமுறை நின்றுகொண்டிருந்தது. மாத மொத்தத்தில் அந்த நாளின் மழை இரட்டிப்பாகிவிட்டது. நிரல்வாசி, நகல் நீக்குவது உங்கள் பட்டியலில் இல்லையே?