அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) வருகிறவர்களுக்கு: முதலில் தூரத்தோடு பழகுங்கள்

டாக்டரான கணவருக்கு இந்தக் கவுண்டியின் முக்கிய ஊரான வேலண்டைனில் வேலை கிடைத்திருக்கிறது, அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். ஜே-1 விசாவில் ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) முடித்த வெளிநாட்டு டாக்டர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் இருக்க வேண்டும்; அப்படிப் போகாமல் இங்கேயே இருக்க வேண்டுமென்றால், டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்க்கலாம் அல்லவா, அந்த கான்ராட் 30 என்ற திட்டத்தின் வழியில். மூன்று வருடத்தை எப்படியாவது ஓட்டிவிட்டுப் போகலாம் என்ற நினைப்போடு வராதீர்கள். அப்படி வந்தால் ஒவ்வொரு நாளும் பாரமாகிவிடும்.

செர்ரி கவுண்டியின் பரப்பு சுமார் 6,000 சதுர மைல். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. 2020 கணக்குப்படி மக்கள்தொகை 5,455. அதில் ஏறக்குறைய பாதிப்பேர் வேலண்டைனில் இருக்கிறார்கள். மற்றவர்கள் புல்மேடுகளுக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் ராஞ்ச் (மாட்டுப் பண்ணை) வீடுகளில். பக்கத்து வீடு என்று அவர்கள் சொல்வது பத்து மைல் தள்ளி இருக்கலாம். கவுண்டிக்குள்ளேயே நேரமும் மாறும்: வேலண்டைன் சென்ட்ரல் நேரத்தில், மேற்குப் பகுதி மவுண்டன் நேரத்தில். முதல் மாதம் மேற்கே ஒரு வீட்டு விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றோம். அந்த அம்மா கொஞ்சமும் முகம் சுளிக்காமல் அடுப்படியிலேயே எங்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஏன் இவ்வளவு குறைவான ஆட்கள் என்று கேட்டால், மண்தான் காரணம். இந்தப் பகுதிக்கு சாண்ட்ஹில்ஸ் என்று பெயர், அது புல்லின் வேர் பிடித்து நிறுத்தியிருக்கும் மணல்மேடு. அடியில் ஒகல்லாலா நிலத்தடி நீர் நிறைய இருந்தாலும், மேலே ஏர் ஓட்டினால் மணல் பறக்கத் தொடங்கிவிடும். 1904-ல் கின்கெய்டு சட்டம் வந்து, குடியேறுகிறவருக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தார்கள். இந்த மண்ணில் அதுவும் பலருக்குப் போதவில்லை. விற்றுவிட்டுப் போனார்கள், ராஞ்ச்கள் பெரிதாயின. 1907 வாக்கில் கறுப்பினக் குடும்பங்கள் இதே கவுண்டியில் நார்த் லூப் ஆற்றங்கரையில் டெவிட்டி என்ற ஊரை உருவாக்கி வாழ்ந்தன. இன்று அந்த ஊர் இல்லை. வெளியிலிருந்து வந்து இங்கே வேர்விட முயன்றவர்களில் நாம் முதல் ஆட்கள் அல்ல என்பது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. வடக்கே சில மைல் போனால் சவுத் டகோட்டா எல்லை, அங்கே அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்களின் ரோஸ்பட் நிலம். அவர்களையும் கடைவீதியில் தினமும் பார்ப்பீர்கள். அவர்களுடைய வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

இங்கே எல்லாம் மாடுதான். ஒரு ராஞ்ச்காரரிடம் எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிடாதீர்கள். நம்மிடம் வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பது போல அது. மழை பெய்ததா, புல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். வழியில் கேட் இருந்தால், திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். எதிரே வருகிற பிக்கப்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

வசந்தத்தில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளுக்கு யாராவது கூப்பிட்டால் தட்டாதீர்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூலி இல்லாமல் வந்து வேலை செய்வார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டு வேலைக்கு இவர்கள் போவார்கள். மதியம் பெரிய சாப்பாடு, பெரும்பாலும் மாட்டிறைச்சி. நீங்கள் சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒரு பெரிய பாத்திரம் எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டு போனேன். மறுவருடம் அவர்களே அதைக் கேட்டார்கள்.

மேற்கே கோடி என்ற சின்ன ஊர் இருக்கிறது, சுமார் நூற்றைம்பது பேர். கடையே இல்லாமல் போன அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளே சேர்ந்து 2013-ல் வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் கட்டிய கட்டடத்தில் மளிகைக்கடை திறந்தார்கள். ஒரு தடவை போய்ப் பாருங்கள். இந்த மக்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அங்கே புரியும்.

அப்புறம் குளிர்காலம். பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். காரில் கம்பளி, தண்ணீர், மண்வெட்டி, டார்ச் எப்போதும் இருக்கட்டும். பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது, அதனால் கிளம்பும் முன் எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தி நேரத்தில் மான் குறுக்கே பாயும், வேகம் வேண்டாம்.

நம் ஊர் சாமானுக்கு ஓமாஹா வரை, சுமார் 300 மைல். பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் நான்கு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வையுங்கள். கறிவேப்பிலைக்கு மட்டும் அலைய வேண்டாம். என் வீட்டு ஜன்னலோரத் தொட்டியில் இரண்டு பக்கக் கன்றுகள் வந்திருக்கின்றன, ஒன்று உங்களுக்கு.