மறுமொழி: நாய்களுக்கான ரிஹாபிலிடேஷன் – "மறுவாழ்வு" வேண்டாமே

வணக்கம்.

> நாய்களுக்கான மசாஜ், ஃபிட்னஸ், ரிஹாபிலிடேஷன் மூன்றும் சேர்ந்த படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பாடக்குறிப்பைத் தமிழில் எழுத ஆசை. இணையத்தில் தேடினால் "கோரை மறுவாழ்வு" என்று வருகிறது. சரியா?

சரியே இல்லை. ஆங்கிலத்துக் "கேனைன்" நாய்க்கும் கோரைப்பல்லுக்கும் பொதுவான சொல். எந்திர மொழிபெயர்ப்பு கோரைப்பல்லில் பல்லைப் பிடுங்கிவிட்டு மிச்சத்தை நாய்க்குச் சூட்டிவிட்டது. கோரை என்பது பாய் முடைகிற புல். "கோரை மறுவாழ்வுத் திட்டம்" என்று பலகை வைத்தால் பத்தமடைக்காரர்கள் மனுவோடு வந்து நிற்பார்கள். நாய் என்றே எழுதுங்கள். "ஞமலி" என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான சங்கச் சொல்தான், ஆனால் மருந்துச்சீட்டில் அதைப் பார்ப்பவர் முதலில் அகராதியைத் தேட வேண்டியிருக்கும்.

உண்மையான சிக்கல் "மறுவாழ்வு". தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் குடிநோயாளிகளுக்கான மையம் நினைவுக்கு வரும், இல்லையென்றால் முகாம். அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் அரசே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இலங்கையிலோ "புனர்வாழ்வு" போருக்குப் பின் தடுப்பு முகாம்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "நாய்கள் மறுவாழ்வு மையம்" என்றால் தெருநாய்க் காப்பகம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். முழங்கால் தசைநார் அறுந்து அறுவை செய்த லாப்ரடாரை மறுபடி நடக்கவைக்கும் இடம் என்று யாருக்கும் தோன்றாது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆங்கிலத்தில் "ரிஹாபிலிடேஷன்" என்ற சொல்லைப் பிடித்ததற்குப் பொருள் மட்டும் காரணமல்ல. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் "ஃபிசிகல் தெரபி" என்ற பெயர் மனிதருக்குச் சிகிச்சை தரும் உரிமம் பெற்றவர்களுக்கு உரியது. நாய்க்குச் செய்பவர்கள் அதைப் பயன்படுத்தினால் சட்டச் சிக்கல் வரும் என்பதால் "ரிஹாபிலிடேஷன்" பக்கம் ஒதுங்கினார்கள். 2010-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றபோதும், விளையாட்டு மருத்துவத்தோடு சேர்த்து அந்தப் பெயரே நிலைத்தது. அவர்கள் ஊர்ச் சட்டத்துக்காக எடுத்த சொல்லை நாம் ஏன் அப்படியே சுமக்க வேண்டும்?

> அப்படியானால் "இயன்முறை மருத்துவம்" போதுமே?

கால்நடை மருத்துவரே செய்தால் "கால்நடை இயன்முறை மருத்துவம்" என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நீங்கள் படிப்பது மருத்துவப் பட்டம் அல்ல. "மருத்துவம்" என்று போட்டுக்கொண்டால் வருகிறவர் ஊசியும் ஸ்கேனும் எதிர்பார்ப்பார். பிரிட்டனில் 2015 ஆணைப்படி, கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகே நோயுற்ற விலங்குக்கு ஃபிசியோதெரபி செய்யலாம். வாஷிங்டன் மாநிலத்தில் விலங்கு மசாஜுக்கென்றே தனிச் சான்று உண்டு, அதிலும் பெருவிலங்கு வேறு, சிறுவிலங்கு வேறு. சொல்லும் அந்த எல்லையைக் காட்டுவது நல்லது.

என் பரிந்துரை: தேற்றுப்பயிற்சி. உடம்பு தேறிவிட்டது, பிள்ளை தேறி வருகிறான் என்று தினம் சொல்கிறோம். தேறுவது நாய், தேற்றுவது நாம். கணிதத்துத் "தேற்றம்" குறுக்கே வரும் என்று ஒரு நண்பர் எழுதினார். பயிற்சி என்ற ஒட்டு இருக்கும்வரை பித்தாகரஸ் வரமாட்டார். "இயக்க மீட்பு" என்ற முன்மொழிவும் மோசமில்லை. ஆனால் "மீட்பு" என்றதும் கிணற்றில் விழுந்த நாய்தான் கண்ணில் தெரிகிறது.

மசாஜுக்கு வருவோம். இங்கேதான் நம்மிடம் கொட்டிக்கிடக்கிறது. சித்த மருத்துவத் தொக்கணத்தில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். எல்லாம் நாய்க்கு ஆகாது (மல்லாத்தலை ராஜபாளையம் நாயிடம் முயன்று பார்க்க வேண்டாம்), ஆனால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் பாடத்தில் "எஃப்லராஜ்" என்று வருவது நீவல். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, மயிர் படிந்த திசையிலேயே, கழுத்திலிருந்து பின்பக்கம் நோக்கி நீவுவது. "பெட்ரிசாஜ்" பிசைதல். நாய் தானாக அசைக்காமல் நாம் மூட்டை மடக்கி நீட்டுவதைச் "செயலற்ற இயக்கம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தொக்கணத்து "அசைத்தல்" இருக்க அது எதற்கு?

எண்ணெய் தேய்ப்பது என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். நாய்க்கு எண்ணெய் போடுவதில்லை. மயிரில் ஒட்டும், நாய் நக்கிவிடும்.

படிப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். பின்னங்கால் நோகிற நாய்க்குத் தோளை ஏன் நீவுகிறார்கள்? நிற்கும்போதே எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மேல்தான். பின்னால் வலித்தால் இன்னும் முன்னுக்குச் சாய்கிறது. தோளை மார்போடு இணைக்க நமக்கு இருப்பதுபோன்ற காறையெலும்பு அதற்குக் கிடையாது, முன்னங்கால் உடம்போடு தசையால்தான் தொங்குகிறது. ஆகவே தோள் இறுகிப்போகும். கை வைத்ததும் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்ப்பது – இவை "போதும்" என்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். காய்ச்சல், ஆறாத புண், கட்டி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஃபிட்னஸுக்கு "உடற்தகுதி" இருக்கிறது, விட்டுவிடலாம். "உரமேற்றல்" நல்ல சொல், ஆனால் யூரியா வாசம் அடிக்கிறது.

தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லுக்கு "நீர் நடைமேடை" என்றால் ரயில் வந்துவிடும். நீர்நடைப்பொறி என்கிறேன். நீர் எடையைத் தாங்குகிறது என்பதுதான் அதன் பயனே. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், நீர் கணுக்கால் அளவில் இருந்தபோது நாயின் கால்களில் விழுந்த எடை, நீரில்லாதபோது விழுவதில் 91 சதவீதம், முழங்கால் அளவில் 85, இடுப்பு அளவில் 38. முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் பெரிய சரிவு. தொட்டியில் எவ்வளவு நீர் விடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

"ப்ரோப்ரியோசெப்ஷன்" பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. "தன்னிலை உணர்வு" என்றால் தத்துவம், "இருப்புணர்வு" அதைவிடத் தத்துவம். நாயை நிற்கவைத்துத் தாங்கிப் பிடித்து, ஒரு பாதத்தை மடக்கி மேல்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நலமான நாய் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும். நரம்பு பாதித்த நாய் அப்படியே நிற்கும், இல்லையென்றால் தாமதமாகத் திருப்பும். கால் எங்கே, எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே தெரிவது, அவ்வளவுதான். உறுப்புநிலை உணர்வு என்று எழுதிப்பாருங்கள். தாழ்ந்த கம்பிகளை வரிசையாக வைத்து நாயைத் தாண்டி நடக்கவைப்பதும் இதற்காகத்தான். அந்தக் "காவலெட்டி"க்குத் தாண்டுகம்பி போதும்.

கடைசியாக, பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. குறிப்பில் முதல் பக்கத்திலேயே படம் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள். "முட்டி" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு மூட்டைப் பிடிப்பார்கள்.

"தேற்றுப்பயிற்சி"க்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பக்கம் "நீவல்" வழக்கில் இருக்கிறதா, "உருவல்"தானா?