வான்தூவா, பேர் தெரியாத மலை ரோடா? ஜூன்ல 5 நாள், தனியா

புதுமிதி94:
எல்லாருக்கும் வணக்கம். பாரிஸ் பக்கத்துல இருக்கேன், போன வருஷம்தான் ரோட் பைக் வாங்கினேன், ஞாயித்துக்கிழமை ஆனா ஷெவ்ரோஸ் பக்கம் 80, 90 கி.மீ. ஓட்டிட்டு வருவேன். ஜூன் கடைசில 5 நாள் லீவு கிடைச்சிருக்கு. தெற்கு பிரான்ஸ்ல இருக்குற மோன் வான்தூ மலை ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா கூட ஓட்டுற ஒருத்தர் அங்கெல்லாம் கூட்டம், பேசாம லோசேர், ஆர்தேஷ் மாவட்டங்கள் பக்கம் சின்ன ரோடா பாத்துப் போன்னு சொல்றாரு. தனியாத்தான் போறேன். கியர் முன்னாடி 50/34 பல், பின்னாடி 11-28 பல். எது நல்லது?

மலைமிதி:
இதுல யோசிக்க என்னப்பா இருக்கு, வான்தூ போ. பெதுவான் ஊர்ல இருந்து ஏறு, 21 கி.மீ., கிட்டத்தட்ட 1,600 மீட்டர் ஏத்தம். முதல் 5, 6 கி.மீ. திராட்சைத் தோட்டம் லேசா போகும், அப்புறம் ஒரு வளைவு திரும்பினதும் காட்டுக்குள்ள 9 சதவீதம், ஷலே ரெய்னார்ங்கிற ஓட்டல் வர்ற வரைக்கும் விடவே விடாது. அதுக்கு மேல மரமே கிடையாது, வெள்ளைக் கல்லும் காத்தும்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழ பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் டாம் சிம்சன் நினைவுக்கல், 1967 டூர் த பிரான்ஸ் ரேஸ்ல அந்த மனுஷன் சுருண்டு விழுந்து செத்துப்போன மலை இது, ஏறி வர்றவங்க பாட்டில், தொப்பின்னு வெச்சுட்டுப் போவாங்க. நான் போனப்ப அங்க இறங்கி நின்னேன், கண்ணு கலங்கிடுச்சு. அதவிட முக்கியம், தனியா போற ஆளுக்கு அங்க துணை இருக்கு, செயின் அறுந்தாக்கூட கொஞ்ச நேரத்துல இன்னொரு சைக்கிள் வந்துடும்.

சின்னரோடு:
வான்தூ பெரிய மலைதான், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனா ஜூன் கடைசியில ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கோ, மோட்டார்சைக்கிள் இரைச்சலில உங்கட மூச்சே உங்களுக்குக் கேக்காது. நான் இந்த நாட்டில 14 வருசமா சைக்கிள் ஓடுறன். லோசேர் எண்டால் பிரான்சிலயே சனத்தொகை ஆகக் குறைஞ்ச மாவட்டம், 80,000 பேர் கூட இல்லை. போன் த மோன்வேர் கிராமத்தில இருந்து ஃபினியெல் கணவாய், 1,541 மீட்டர், ஒருக்கா காலமை ஏறேக்க என்னை முந்தினது மூண்டு காரும் ஒரு பால் வண்டியும்தான். மேல போகப் போக மஞ்சள் பூப்பத்தை, பிறகு வெறும் புல்லும் பெரிய பெரிய கருங்கல்லும். மாட்டு மணிச் சத்தம் ஆழத்தில எங்கயோ கேக்கும், மாட்டைக் காணேலாது. மிஷ்லான் பேப்பர் மேப் ஒண்டு வாங்குங்கோ தம்பி, அதில வெள்ளையாக் கீறியிருக்கிற ரோட்டுகளைப் பிடிச்சுப் போங்கோ. மேப்பில ரோட்டு மேல அம்புக்குறி ஒண்டு இருந்தா 5 முதல் 9 சதவீத ஏத்தம், ரெண்டு இருந்தா 9 முதல் 13.

நெடுந்தூரம்:
அண்ணா சொல்ற அந்த வெள்ளை ரோட்டுலதான் நான் விழுந்தேன், அதனால இதைச் சொல்லியே ஆகணும். கோடைல ரோடு போடுறவங்க சூடா தார் தெளிச்சு மேல பொடி ஜல்லியைக் கொட்டிட்டுப் போயிடுவாங்க, வண்டி ஓடி ஓடித்தான் அது அமுங்கணும். பெரிய ரோட்டுல ரெண்டு மூணு நாள்ல அமுங்கிடும், நாளைக்கு 20 கார் போற ரோட்டுல எப்ப அமுங்குறது? எறக்கத்துல வளைவு திரும்புறப்ப ஃபிரேம்ல டிக் டிக்னு கல்லு தெறிக்கிற சத்தம் கேட்டுச்சு, என்னன்னு புரியுறதுக்குள்ள முன் சக்கரம் வழுக்கிடுச்சு. முழங்கைத் தோல் உரிஞ்சு, ஜல்லி உள்ள ஒட்டியிருந்துச்சு. 112 கூப்பிடலாம்னு போனை எடுத்தா சிக்னல் இல்ல. 40 நிமிஷம் உக்காந்திருந்தேன், ஒரு டிராக்டர் வந்துச்சு. நான் தனியா ஓட்டுற பொம்பளை, அமைதி எனக்கும் புடிக்கும், ஆனா முதல் ட்ரிப்புக்கே ஆள் இல்லாத இடத்துக்கு ஒருத்தரை அனுப்புறது சரியா?

சின்னரோடு:
தங்கச்சி, அது கேக்கவே கவலையா இருக்கு. நீங்கள் சொல்லுறது உண்மை, அந்தப் பொடிக்கல்லு மோசம்தான், "கிராவியோன்" எண்டு போர்டு கண்டால் பிரேக்கை முதலே பிடிச்சு, வளைவுக்குள்ள பிடிக்காமல் போகவேணும். ஆனா ஆபத்தைக் கதைக்கிறது எண்டால் காரையும் சேர்த்துக் கதைக்க வேணும். ஊருக்கு வெளியில சைக்கிளை முந்திற கார் ஒண்டரை மீட்டர் இடம் விடவேணும் எண்டது இஞ்ச சட்டம், முன்னுக்கு ரோட்டு வடிவாத் தெரிஞ்சா அதுக்காக நடுக்கோட்டைத் தாண்டவும் விடுகினம். வெள்ளை ரோட்டில அந்த இடத்தை விட்டுத்தான் முந்துவினம், ஏனெண்டால் எதிர்ப்பக்கம் ஒருத்தரும் இல்லை. நெரிசலான ரோட்டில எத்தினை பேர் விடுகினம் சொல்லுங்கோ பாப்பம்.

மலைமிதி:
அண்ணே, அது ஒரு பக்கம்தான். எதிர்ல யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சு வளைவை நடு ரோட்டுல வெட்டித் திரும்புறவனும் அதே ரோட்டுலதான இருக்கான், மரம் ஏத்தின லாரி அப்படி வந்தா நாம எங்க ஒதுங்குறது? அப்புறம் சாப்பாடு. மதியம் 12ல இருந்து 2 வரைக்கும் கடை எல்லாம் மூடிருவாங்க, திங்கக்கிழமை பாதி புலாஞ்சரி, அதான் ரொட்டிக்கடை, திறக்காது, பல கிராமத்துல கடையே கிடையாது. 34 டிகிரி வெயில்ல தண்ணி தீந்து நின்னவனுக்குத்தான் தெரியும்.

சின்னரோடு:
தண்ணிக்கு ஒரு வழி இருக்கு, இஞ்ச எல்லா சைக்கிள்காரருக்கும் தெரியும். சேமக்காலை. எவ்வளவு சின்னக் கிராமம் எண்டாலும் கல்லறைப் பூவுக்குத் தண்ணி ஊத்திறதுக்கு ஒரு பைப் இருக்கும். இரும்புக் கேற்றைத் தள்ளினா கிறீச்செண்டும், உள்ளுக்கு மதிலோட பைப், பக்கத்தில பூவாளி ரெண்டு கொழுவியிருக்கும், தண்ணி ஐஸ் மாதிரி. குடிக்கக்கூடாத தண்ணி எண்டு எழுதியிருந்தா மட்டும் தலையில ஊத்திப்போட்டுப் போங்கோ. நான் உள்ள போனால் ஹெல்மெட்டைக் கழட்டுவன், ஆரெண்டு தெரியாட்டியும் ஒரு நிமிசம் நிப்பன்.

நெடுந்தூரம்:
அது நானும் பண்ணியிருக்கேன் அண்ணா, ஆனா பசிக்கு அங்க ஒண்ணும் கிடைக்காதே. புதுமிதி, எங்க போனாலும் முதல்ல கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, மாத்துங்க, இதுல ரெண்டு பேருக்கும் சண்டை வராதுன்னு நினைக்கிறேன். 34-28ல நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சா மணிக்கு 9 கி.மீ.க்கு மேல போகுது, 9 சதவீத ஏத்தத்துல அந்த வேகத்தைப் புடிக்க 85 கிலோ ஆளும் பைக்கும் சேந்து 200 வாட்டுக்கு மேல தள்ளணும், அதுவும் ஒரு மணி நேரத்துக்கு. பின்னாடி 34 பல் போட்டா அதே மிதிக்கு ஏழரைதான், முட்டி தப்பிக்கும். 28 மி.மீ. டயர் போட இடம் இருந்தா அதையும் போடுங்க.

மலைமிதி:
கேசட் விஷயத்துல நூத்துக்கு நூறு ஒத்துக்கிறேன். மத்ததுல இல்ல. மலைக்கு ஒரு பேர் இருக்கணும், வீட்டுக்கு வந்து நான் அதை ஏறினேன்னு சொல்றதுல ஒரு நிறைவு இருக்கு, அதை யாரும் குறைச்சுப் பேசக்கூடாது.

சின்னரோடு:
குறைச்சுக் கதைக்கேல்லை. எனக்கு நிறைவு வேற இடத்தில, அவ்வளவுதான்.

புதுமிதி94:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், ரொம்ப நன்றி. க்ளெர்மோன்ல இருந்து நீம் போற ரயில்ல லாங்கோஞ்ல இறங்குறேன், 3 நாள் லோசேர்ல சின்ன ரோடு, அப்புறம் வில்ஃபோர்ல ரயில் ஏறி தெக்க போயிட்டு கடைசி நாள் சோங்கிற ஊர்ப் பக்கத்துல இருந்து வான்தூ, அது 26 கி.மீ. நீளம்னாலும் ஷலே ரெய்னார் வரைக்கும் லேசுன்னு படிச்சேன். 11-34 ஆர்டர் பண்ணிட்டேன்.

மலைமிதி:
பெதுவான் பக்கம் ஏறாத வான்தூ பாதி வான்தூதான், நான் மாத்திக்க மாட்டேன். ஆனா போயிட்டு வாப்பா. உச்சில எவ்வளவு வெயில் அடிச்சாலும் குளிரும், ஜாக்கெட் இல்லாம இறங்காத.

நெடுந்தூரம்:
லாங்கோஞ் என்னைக்குப் போய்ச் சேருறீங்க? ஞாயிறுன்னா சாப்பாட்டை அன்னைக்குக் காலைலயே வாங்கி வெச்சுக்கோங்க, மறுநாள் திங்கக்கிழமை. எந்த ரோட்டுல போறீங்கன்னு தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல யாருக்காவது அனுப்பிடுங்க.