விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 கிளஸ்டரை 2019-க்கு மாற்றுவது எப்படி?

கேள்வி:
இரண்டு நோடு (சர்வர்) ஃபெயில்ஓவர் கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் அமைப்பு; விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, மேலே ஹைப்பர்-வி மெஷின்கள் (சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் கணினிகள்). 2023 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்துவிட்டது. செட்டிங்ஸ் எல்லாவற்றையும் மறுபடி கையால் போடாமல் 2019-க்குக் கொண்டுபோக வழி இருக்கிறதா?

பதில் 1:
ரோலிங் அப்கிரேடு (நோடு நோடாக மாற்றுவது) பண்ணலாம். ஆனால் நேராகத் தாவ முடியாது, முதலில் 2016, அப்புறம்தான் 2019. ஒரு நோடை டிரெயின் பண்ணி (அதில் ஓடும் மெஷின்களை மற்ற நோடுக்கு நகர்த்தி), கிளஸ்டரிலிருந்து நீக்கி, புதிதாக ஓஎஸ் போட்டுத் திரும்பச் சேர்க்க வேண்டும், அடுத்ததற்கும் அதே. உங்களிடம் இரண்டே நோடு என்பதால் அந்த நேரத்தில் ஃபெயில்ஓவருக்கு இடமே இருக்காது, பேக்கப் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்தின் கடைசியிலும் கிளஸ்டரைப் புது வெர்ஷனுக்கு உயர்த்தும் அப்டேட்-கிளஸ்டர்ஃபங்ஷனல்லெவல் கமாண்டை ஓட்ட வேண்டும், ஓட்டிவிட்டால் பின்வாங்க முடியாது.

பதில் 2:
புது ஹார்டுவேர் இருந்தால் தனியாக 2019 கிளஸ்டர் கட்டி, மெஷின்களை எக்ஸ்போர்ட் பண்ணி அங்கே இம்போர்ட் பண்ணுவதே மேல், பழையது அப்படியே நிற்கும். 2012 ஆர்2 மெஷின்களின் 5.0 கான்ஃபிகரேஷன் வெர்ஷனை (மெஷின் செட்டிங்ஸ் ஃபைலின் வடிவ எண்) 2019 ஏற்கும், 2022 ஏற்காது. மெஷின்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விர்ச்சுவல் சுவிட்சின் பெயரை மட்டும் பழைய கிளஸ்டரில் இருந்தபடியே ஓர் எழுத்து பிசகாமல் வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மெஷினுக்கும் எந்த சுவிட்ச் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
நன்றி, இரண்டு புது சர்வர் வருகிறது, இரண்டாவது வழியிலேயே போகிறேன்.