செயற்கைக்கோள் சிக்னல் தடைபட்டால் வழிகாட்டப்படும் குண்டு எங்கே விழும்?

கேள்வி (வானோடி):
நண்பர்களே, செயற்கைக்கோள் வழிகாட்டல் ஆண்டுதோறும் துல்லியமாகிக்கொண்டே வருகிறது. அப்படியிருக்க, உக்ரைன் போரில் எக்ஸ்காலிபர் என்னும் 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ரஷ்யாவின் ஜாமிங்கால் (சிக்னலை மூழ்கடிக்கும் இடையூறு அலையால்) குறி தவறத் தொடங்கியது எப்படி? சிக்னல் அறுந்துவிட்டால் இவ்வகை ஆயுதம் வெறும் இரும்பாகிவிடுமா?

பதில் (மலைக்குருவி):
ஆகிவிடாது. ஆனால் எவ்வளவு தாங்கும் என்பது ஆயுதத்துக்கு ஆயுதம் மாறுபடும். 1999-இல் கொசோவோ போரில் முதன்முதலாகக் களமிறங்கிய ஜேடாம், விமானத்திலிருந்து போடும் பழைய சாதாரணக் குண்டின் வாலில் பொருத்தப்படும் ஒரு கருவித் தொகுதிதான். அதில் ஜி.பி.எஸ். ஏற்பியோடு, திரும்பலை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் சேர்ந்த நிலைம வழிகாட்டியும் உண்டு. அது வெளியிலிருந்து எந்த அலையையும் எதிர்பார்ப்பதில்லை. தன் அசைவுகளைக் கூட்டிக் கூட்டியே தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் நொடிக்கு நொடி சேரும் சிறு பிழைகளைத்தான் செயற்கைக்கோள் திருத்திக்கொண்டே வருகிறது. குண்டுகளில் பாதியாவது விழும் வட்டத்தின் ஆரம், அமெரிக்க விமானப்படையின் கணக்கின்படி, சிக்னல் இருந்தால் 5 மீட்டர். குண்டை விட்டபின் சிக்னல் போனால், 100 நொடிப் பறப்புக்குள் 30 மீட்டர். பெரிய கிடங்குக்கு 30 மீட்டர் போதும், ஒற்றைப் பீரங்கிக்குப் போதாது.

எக்ஸ்காலிபரின் நிலை இன்னும் கடினமானது. விமானத்திலிருந்து விழும் குண்டுக்கு, விடுபடும் நொடிவரை விமானமே இடத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொடுக்கிறது. பீரங்கிக் குண்டோ புவியீர்ப்பைப் போலப் பல ஆயிரம் மடங்கு உதைப்பைத் தாங்கி வெளியேறி, பறக்கும்போதுதான் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஜாமிங் இருந்தால் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

பதில் (அலைவரிசை):
சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலை, தரைக்கு வந்து சேரும்போது ஏற்பியின் சொந்த இரைச்சலைவிடவும் தாழ்ந்திருக்கும் என்பதால், அருகிலுள்ள ஒரு சிறிய ஒலிபரப்பியே அதை மூழ்கடித்துவிடும். ஜாமர் இருக்கும் திசைக்கு மட்டும் செவிடாகிக்கொள்ளும் பல உறுப்பு ஆன்டெனா, 2005 முதல் ஏவப்பட்ட செயற்கைக்கோள்களில் வரும் எம்-கோட் என்னும் இராணுவ அலை, இறுதிக் கட்டத்தில் லேசர் உணரி ஆகியவை இதற்கான மாற்றுகள். ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் காலம் முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

பதில் (கரைமணல்):
மேலே சொன்ன எந்த ஆன்டெனாவும் தடுத்திருக்க முடியாத இரண்டு நிகழ்வுகளையும் இங்கே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 1999 மே 7 அன்று பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின்மீது ஜேடாம் குண்டுகள் விழுந்து 3 சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். யூகோஸ்லாவிய ஆயுதக் கொள்முதல் அலுவலகம் அங்கே இருப்பதாகத் தவறாகக் குறித்துவிட்டோம் என்பதே அமெரிக்கா தந்த விளக்கம்.

2001 டிசம்பர் 5 அன்று காந்தகாருக்கு வடக்கே நடந்தது இன்னும் வேதனையானது. தாலிபான் நிலையின் ஆயத்தொலைவைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் கணக்கிட்டு வைத்திருந்த வீரர், இடையில் அதன் பேட்டரியை மாற்றினார். மீண்டும் உயிர்பெற்ற கருவி தான் இருக்கும் இடத்தின் எண்களையே திரையில் காட்டியது. அவர் அந்த எண்களையே விமானத்துக்கு அனுப்பினார். 2,000 பவுண்டு குண்டு அந்த இடத்திலேயே வந்து விழுந்தது. 3 அமெரிக்க வீரர்களும், அவர்களோடு இருந்த ஆப்கானியப் போராளிகள் சிலரும் மாண்டார்கள்.